மேடையேறிய சர்க்கரைக்காரி

எட்டாம் வகுப்பு படிக்கும்போது எனக்குச் சர்க்கரை வியாதி வந்தது. எண்பதுகளின் தொடக்கம். ராஜபாளையத்தில் அப்போது அது மில் முதலாளிகளுக்கும் ஜவுளிக்கடைக்காரர்களுக்கும் வருகிற வியாதி. எலும்பும் தோலுமாய், பாவாடை சட்டை போட்ட பிள்ளைக்கு வந்ததை யாரும் நம்பவில்லை. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அம்மாவிடம், "எம்புட்டு இனிப்புக் குடுத்து வளத்த?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அப்பா பஞ்சாலையில் ஃபிட்டர். எங்கள் வீட்டில் இனிப்பு என்றால் தீபாவளி அதிரசம்தான். அதை எடுத்துச் சொல்லி அம்மாவுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அன்றைக்குக் கிடைத்த இன்சுலின் மாட்டின் கணையத்திலிருந்து எடுத்தது. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்துக் குப்பியை டப்பாவுக்குள் போட்டு மண்பானைத் தண்ணீரில் மிதக்க விடுவோம். கண்ணாடி ஊசியைக் கொதிக்க வைத்து அம்மாதான் தொடையில் குத்துவாள். குத்திய இடமெல்லாம் சதை கரைந்து குழி விழுந்தது. மாட்டிலிருந்து எடுத்த மருந்து என்று யாரோ சொல்லக் கேட்ட அத்தை, எங்கள் வீட்டில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தி, பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டாள். அண்ணன் மகள் உயிரோடு இருக்கிறாளே என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் அவள் வராதது பெரிய நஷ்டமாகத் தோன்றவில்லை.

படித்து முடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வருவேன். ராஜபாளையத்தில் சர்க்கரைக்கென்றே ஒரு டாக்டர் பெரிய போர்டு மாட்டியிருந்தார். அவரிடம்தான் காட்டிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளில் ஒரு நாள் அவர் மேஜை மேல் புதுக் குப்பி ஒன்றை எடுத்து வைத்தார்.

"இது மாடும் இல்ல, பன்னியும் இல்ல. மனுஷ இன்சுலின். பாக்டீரியாவுக்குள்ள மனுஷனோட ஜீனை வச்சு, அதையே செய்ய வச்சிட்டான். எல்லாம் பயோடெக்னாலஜி."

தன் வீட்டுக் கொல்லையில் வைத்துத் தானே செய்தது போல அவ்வளவு பெருமையாகச் சொன்னார். அந்த ஜீனை எப்படி உள்ளே வைக்கிறார்கள் என்று நான் கேட்ட ஒரு சின்னக் கேள்விக்கு, "அதெல்லாம் உனக்கெதுக்கும்மா" என்றார். வகுப்பில் ஜீனைத்தான் நான் பாடமாக நடத்துகிறேன் என்பது அவருக்குத் தெரியாது. கேட்டதும் இல்லை.

மருந்தைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி என் உடம்பு செய்ய மறுத்த வேலையைச் செய்து தருகிறது என்று நினைத்தபோது மெய்சிலிர்த்தது. கொஞ்ச மாதத்தில் தொடைக் குழிகள் மேடேறத் தொடங்கின. அம்மா தடவிப் பார்த்து அழுதாள். ஆராய்ச்சிக்கூடத்தில் எவனோ ஒருவன் ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறான். அங்கிருந்து எங்கள் ஊருக்கு அதைக் கொண்டு வந்து சேர்த்தவர்களைப் பற்றித்தான் என் பேச்சு.

பழைய மருந்தில், சர்க்கரை இறங்கினால் முன்கூட்டியே தெரியும். கை நடுங்கும், வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். உடனே எதையாவது வாயில் போட்டுக்கொள்வேன். புது மருந்துக்கு மாறிய பிறகு அந்த நடுக்கம் வரவில்லை. நேரே புத்திதான் தடுமாறியது. ஒரு நாள் கரும்பலகையில் எழுதியதையே மேலே மேலே எழுதிக்கொண்டு நின்றிருக்கிறேன். பிள்ளைகள் சிரித்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. டாக்டரிடம் சொன்னேன். மருந்துக் கம்பெனி ரெப் அப்போது அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். டாக்டர் அவனைப் பார்த்தார்.

"எங்க லிட்டரேச்சர்ல அப்படி ஒண்ணும் இல்ல சார்" என்றான் ரெப், கம்பெனி அச்சடித்த மருந்துக் குறிப்பைப் புரட்டிக்கொண்டே.

"பாத்தியா? எல்லாம் உன் மனசுல இருக்கு" என்றார் டாக்டர்.

வெளிநாட்டிலும் நோயாளிகள் இதையே சொல்லிச் சண்டை போட்டார்கள், டாக்டர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள் என்று வெகு நாள் கழித்துப் படித்தேன். எது சரியென்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் ஒரு டை கட்டிய பையனிடம் கேட்டு என் உடம்பைப் பற்றி எங்கள் டாக்டர் எனக்கே பதில் சொன்ன அழகு மறக்கவில்லை.

அந்த ரெப்தான் பிறகு விழா வைத்தான். கல்யாண மண்டபத்தில் கூட்டம், சுற்றுவட்டார டாக்டர்கள் எல்லாரும் வருகிறார்கள், புது மருந்தால் குணம் கண்டவர் என்று நான் மேடையில் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு இஷ்டமில்லை.

"டாக்டர் அவிய நம்மள மதிச்சுக் கூப்பிடுதாக. மாட்டேன்னா நல்லாவா இருக்கும்?" என்றாள் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை. டிபன் மண்டபத்திலேயே, ஊசி மட்டும் போட்டுக்கொண்டு நேரத்துக்கு வந்துவிடுங்கள் என்று ரெப் வீட்டுக்கே வந்து சொன்னான். நானும் ஊசியைப் போட்டுக்கொண்டு போனேன். இன்சுலின் போட்டால் சீக்கிரம் சாப்பிட்டாக வேண்டும். பந்தியில் இலை போட்டிருந்தது. ஆனால் சிறப்பு விருந்தினரான மில் அதிபர் வரவில்லை. அவர் வந்து குத்துவிளக்கு ஏற்றிய பிறகுதான் டிபன் என்று ரெப் பந்தி வாசலில் நின்றுகொண்டான்.

"செத்த நேரம் பொறுத்துக்கங்க மேடம். வந்துட்டே இருக்காரு."

அம்மா போய் ரெண்டு இட்லியாவது தரச் சொல்லிக் கேட்டாள். எல்லாருக்கும் சேர்த்துத்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டான். சர்க்கரை நோயாளிகளை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லும் பேனர், அவன் தலைக்கு மேலேயே தொங்கியது.

மில் அதிபர் வந்தார். விளக்கு ஏற்றி, மாலை போட்டு, சால்வை போர்த்தி முடிய நேரம் போனது. மெட்ராஸிலிருந்து வந்த கம்பெனி அதிகாரி விளக்கை அணைக்கச் சொல்லி ஸ்லைடு போட்டார். திரையில் அவரைக்காய் மாதிரி பாக்டீரியா. மருத்துவ உலகில் புரட்சி, இனி மனிதனுக்கு மனிதனே மருந்து என்றார். பேச்சில் முக்கால்வாசி இங்கிலீஷ். முன்வரிசையில் டாக்டர்கள் தங்களுக்குக் கொடுத்த பையைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் எனக்கு நினைவிருக்கிறது. மீதி அம்மா சொல்லித்தான் தெரியும்.

என் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து போய் மைக்கைப் பிடித்திருக்கிறேன். வணக்கம் சொல்லவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வரிசையாகக் கூப்பிட்டு வருகைப்பதிவு எடுத்தேனாம். யாரும் உள்ளேன் என்று சொல்லாததால் ஒருத்தியைத் திட்டவும் செய்தேனாம். சபை கைதட்டியிருக்கிறது. ஏதோ நகைச்சுவை என்று நினைத்தார்களோ, பேச்சு முடிந்தது என்று நினைத்தார்களோ. நான் அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் சர்க்கரை வைத்தியம் பார்க்கிறவர்கள். சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்று பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவர்கள். ஒருவர் மேடைப் பயம் என்றார். ஒருவர் காற்று வரட்டும் என்றார். எங்கள் டாக்டர் மில் அதிபருக்குப் பக்கத்தில் நின்று போட்டோவுக்கு முகம் காட்டிக்கொண்டிருந்தார்.

அம்மாதான் சமையல்கட்டுக்கு ஓடி, ஒரு டம்ளர் நிறையச் சர்க்கரையைப் போட்டுத் தண்ணீரில் கலக்கிக்கொண்டு வந்தாள். மேடைப் படியில் ரெப் மறித்தான்.

"அம்மா, அவங்க சுகர் பேஷன்ட். சர்க்கரை குடுக்கக் கூடாது."

"ஏலே, தள்ளுலே" என்று அம்மா அவனை இடித்துக்கொண்டு ஏறியிருக்கிறாள். வாழ்க்கையில் அவள் பேண்ட் போட்ட ஒருவனை அப்படிக் கூப்பிட்டது அன்று ஒரு நாள்தான்.

எனக்குத் தெளிவு வந்தபோது சேலையெல்லாம் சர்க்கரைத் தண்ணீர். மெட்ராஸ் அதிகாரி மைக்கில், "புது வாழ்வு கிடைத்த மகிழ்ச்சியில் சகோதரி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்று அறிவித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் கைதட்டல். எங்கள் டாக்டர் அப்போதுதான் வந்து குனிந்தார்.

"ஊசி போட்டுட்டுச் சாப்பிடாம யாராச்சும் வருவாங்களா? படிச்ச பொண்ணுதானே?"

"அந்தக் கம்பெனிக்காரவுகதான சார் டிபன் இங்கனு சொன்னாக" என்றாள் அம்மா.

அதற்குள் பந்தி தொடங்கிவிட்டது. நாங்கள் சாப்பிடாமல் ரிக்‌ஷா பிடித்து வீட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் அம்மா என் சேலையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அவளால்தான் போனேன் என்று அவளுக்குக் குறை. எனக்கு அவள் மேல் கோபமே இல்லை. கோபத்தையெல்லாம் அந்த மண்டபத்துக்கே செலவழித்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அந்தக் கிளினிக் படி ஏறவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடம் விட்டதும் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு லேடி டாக்டர், கூட்டத்துக்கு நடுவில், நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். நடுக்கம் வரும் என்று காத்திருக்காதே, நேரம் பார்த்துச் சாப்பிடு, குளுக்கோஸ் இல்லாமல் வெளியே போகாதே என்றார். மருந்து அளவைக் குறைத்தார். புரட்சி என்ற வார்த்தையை அவர் சொல்லவேயில்லை. வகுப்பில் புத்தி தடுமாறுவது வெகுவாகக் குறைந்துவிட்டது. பழைய மருந்து கடைகளில் கிடைப்பதும் அருகிவிட்டதால் புதியதிலேயே நின்றுகொண்டேன். இன்றுவரை அதுதான் எனக்குச் சோறு மாதிரி.

தொண்ணூறுகளின் கடைசியில் இன்னொரு கம்பெனி எங்கள் பள்ளிக்கே வந்தது. மஞ்சள் காமாலைத் தடுப்பூசி. ஈஸ்ட்டில் ஜீனை வைத்துச் செய்தது, நம் நாட்டிலேயே தயாரானது, முன்பு பணக்காரர்களுக்கு மட்டும் கிடைத்தது, இப்போது எல்லாருக்கும் என்றார்கள். அதுவும் நல்ல மருந்துதான். ஆனால் வாசலில் ஒட்டிய போஸ்டரில் மண்டையோடு. எய்ட்ஸைவிடக் கொடியது என்று கொட்டை எழுத்து. வன்னியம்பட்டியிலிருந்து வரும் ஒரு பிள்ளை அதைப் படித்துவிட்டு மத்தியானம் சாப்பிடவில்லை. பயம் காட்டாமல் நல்ல காரியம் செய்ய இவர்களுக்குத் தெரியாது.

வெயிலில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு, வந்தவர் மைக்கைத் தட்டிப் பார்த்தார். நான்தான் பொறுப்பு டீச்சர். கிட்டே போனேன்.

"சார், பேச்சு வேண்டாம். ஊசியைப் போடுங்க. பிள்ளைங்க நிக்க முடியல."

"ரெண்டு நிமிஷம் மேடம். அவேர்னஸ்."

"ஊசி போட்டா அவேர்னஸ் தானா வந்துரும்."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் மைக்கை விட்டார். நர்ஸுகள் போடத் தொடங்கினார்கள். இரண்டாவது ஊசிக்கும் மறுமாதம் வந்தார்கள். பேனர் பாதியாகச் சுருங்கியிருந்தது, போட்டோகிராபர் இல்லை. ஆறு மாதம் கழித்துப் போட வேண்டிய மூன்றாவதற்கு யாரும் வரவில்லை. அது இல்லாமல் முழுப் பாதுகாப்பு இல்லை என்று அவர்கள் போஸ்டரிலேயே போட்டிருந்தது.

போன் போட்டுக் கேட்டேன். அந்த ஆள் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டாராம். புதிதாக வந்தவர், "கேம்ப் ஸ்கீம் முடிஞ்சிருச்சு மேடம்" என்றார். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனியாகப் போய்ப் போட்டுக்கொண்டார்கள். மற்றவர்கள் ரெண்டோடு நின்றார்கள்.

"மிஸ், மூணாவது எப்ப?" என்று அவர்கள் என்னிடம் கேட்டார்கள். வரவில்லை, வர மாட்டார்கள் என்று சொன்னேன். அதற்கு மேல் அந்தக் கம்பெனிக்காகப் பொய் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.