நாற்பத்தாறும் சரி

குரோமோசோம் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை என்பது கண்ணாடித் தகடுகளைக் கழுவித் துடைத்து எண் மாறாமல் அடுக்குவது. இதே வேலை பார்ப்பவர்கள் விரல்நுனி வெடிப்பைப் பார்த்தே என்னை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஒரு முழ உயரம்

பாலக்காட்டில் எங்கள் டெக்னீஷியன் சுமா. எலும்பு மஜ்ஜையின் செல்களை வெப்பப் பெட்டியில் வளர்த்து, அவை இரண்டாகப் பிரியப்போகும் சமயத்தில் மருந்து விட்டு நிறுத்துவார். அப்போதுதான் குரோமோசோம்கள் தடித்துத் தனித்தனியாகத் தெரியும். பிறகு அந்தச் செல் கரைசலில் ஒரு சொட்டை ஒரு முழ உயரத்திலிருந்து ஈரத் தகட்டின்மேல் விடுவார். விழுந்ததும் செல் உடைந்து, மனித செல்லுக்குரிய நாற்பத்தாறு குரோமோசோம்களும் விரியும். ஒருநாள் பதினெட்டுத் தகடுகளில் ஒன்றுகூட வீணாகவில்லை. வாய்விட்டுப் புகழ எனக்குக் கூச்சம். அடுத்த நாளுக்கான தகடுகளை இன்னொரு முறை துடைத்து வைத்தேன். அவர் கவனித்துவிட்டார்.

"அண்ணா, கண்ணாடியில பிசுக்கு இருந்தா என் கை என்ன செய்யும்? பாதிச் சொட்டு உங்களோடதாக்கும்."

எண்ணம் சரி

வடகரப்பதிப் பழனாத்தா தென்னந்தோப்புக்காரர். வெள்ளையணுக்கள் கூடிப்போனதால், ரத்தப் புற்றுநோயா என்று பார்க்க அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட்டுக்காக வராந்தாவில் முந்தானையைப் பிசைந்தபடி உட்கார்ந்திருந்தார். உள்ளே திரையில் அவருடைய ஐந்து செல்களை நான் எண்ணினேன். ஐந்திலும் நாற்பத்தாறு. மலையாளத்தில் எண்ணம் என்றால் எண்ணிக்கை. "எண்ணம் சரியா?" என்றேன். "எண்ணம் சரி" என்றார் சுமா, கண்ணெடுக்காமல். நான் வெளியே போய், யாரும் கேட்காமலே, நாற்பத்தாறும் சரியாக இருப்பதாகச் சொல்லிவிட்டேன். பழனாத்தா கும்பிட்டார். ரிப்போர்ட் வாங்காமலே பஸ் ஏறப் போனார்.

"ஏனுங்ணா, அந்த நாப்பத்தாறுக்கும் ஒரு பொங்கல் வெச்சுப் போடறனுங்க!"

வால் மாறியது

அரை மணி கழித்துச் சுமா காட்டினார். ஒன்பதாம் குரோமோசோமின் வால் இருபத்திரண்டில் ஒட்டியிருந்தது. இருபத்திரண்டின் வால் ஒன்பதில். எண்ணிக்கை குறையவில்லை. ஆனால் அந்த ஒட்டு, ஓயாமல் பிரியும்படி செல்லை விரட்டிக்கொண்டே இருக்குமாம். புற்றுநோய்தான்.

நான் சொன்னதைச் சுமாவிடம் ஒப்புக்கொண்டேன். பழனாத்தா போனை எடுக்கவில்லை. இந்த வகைக்கு மாத்திரை உண்டு; அது தள்ளிப்போகக் கூடாது என்பதால் மறுநாள் முதல் பஸ்ஸில் நானே போனேன். தோப்பில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னது தப்பு, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். விளக்க வார்த்தை வராமல், மண்ணில் இரண்டு கோடு கிழித்து நுனிகளை மாற்றிக் காட்டினேன். குனிந்து பார்த்தார். அழுவார் என்று நினைத்தேன்.

"அண்ணந்தம்பி காட்டோட கடைசியை மாத்தி உழுதுபோட்ட மாதிரிங்களா? மொத்த ஏக்கரா அப்படியே இருக்கும், சண்டைதான் ஓயாதுங்க."

இருபது செல்கள்

ஒருநாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டார். ஒரு வருஷம் கழித்து மறுபரிசோதனை. சுமா இருபது செல்கள் பார்த்தார். இருபதிலும் ஒன்பதும் இருபத்திரண்டும் அதனதன் வாலோடு இருந்தன. உடம்புக்குள் நொடிக்கு நொடி எத்தனையோ செல்கள் நாற்பத்தாறையும் படியெடுத்துச் சரிசமமாகப் பங்கிட்டுப் பிரிகின்றன; அதை நினைத்தால் என் கணக்குச் சுத்தமெல்லாம் ஒன்றுமில்லை. டாக்டர் சொல்லி முடிக்கும்வரை நான் வராந்தாப் பக்கமே போகவில்லை. பழனாத்தாதான் என்னைத் தேடி வந்தார்.

"மாத்திரையை நிறுத்தக் கூடாதாமுங்ணா. இருக்கட்டும், எருமைக்குத் தண்ணி காட்டற மாதிரி அதுக்கும் ஒரு நேரம்."

மருத்துவத்துக்கு என்னால் ஆகக்கூடிய பெரிய தொண்டு, ரிப்போர்ட்டில் கையெழுத்து விழும்வரை வாயைத் திறக்காமல் இருப்பதுதான்.