ஆரணியின் தீவில் பனிக்காலம்

பிள்ளைகளே, பூமியின் கீழ்பாதியில் கிடக்கும் இந்த டண்டினொங்கில் வெயில் கொளுத்துகிறது. எங்கள் வீட்டு ரீவியில் மட்டும் பனி கொட்டுகிறது. என் மகள் ஆரணி கையில்லாத சட்டையோடு ஃபேனுக்கு முன்னால் இருந்துகொண்டு, கம்பளித் தொப்பி போட்ட ஒரு சிறுமியைப் பனிக்குள் ஓடவிடுகிறாள். அது ஒரு வீடியோ கேம். ஆளுக்கொரு தீவு தருவார்கள். வீடு கட்டலாம், மரம் நடலாம், வலையால் பூச்சி பிடிக்கலாம், ஒருவர் தீவுக்கு மற்றவர் போய்வரலாம். பருவத்துக்குப் பருவம் வேறு வேறு பூச்சி வரும். இவள் வகுப்புப் பிள்ளைகளின் தீவுகளில் இப்போது கோடை, சில்வண்டுக் காலம். இவளுக்கு மட்டும் தலைகீழ்.

தொடங்கும்போது அந்த கேம் உலகப் படத்தைக் காட்டி, மேல்பாதியா கீழ்பாதியா என்று கேட்டிருக்கிறது. "அப்பா, நாங்கள் எங்கை இருக்கிறம்?" என்று ஆரணி கூப்பிட்டாள். குசினியில் நின்ற நான் ஈரக்கையோடு வந்து மேல்பாதியைத் தொட்டேன். இந்த நாட்டுக்கு வந்து எத்தனையோ வருஷம். என்றாலும் அப்படிக் கேட்டால் என் விரல் யாழ்ப்பாணத்துக்குத்தான் போகும். அதில் என்ன பிழை? மேல்பாதி என்றால் எல்லாருக்கும் பனி கொட்டும் என்று யார் இவர்களுக்குச் சொன்னது? எங்களுக்கு மாரியும் கோடையும்தான். மழை பெய்து விட்டால் விளக்கைச் சுற்றி ஈசல் கொட்டும். இந்தத் தீவில் ஈசலைக் காணவில்லை. சாணி வண்டு இருக்கிறது, அது பனி உருண்டையை உருட்டுகிறது! மாடில்லாத இடத்தில் அந்தப் பாவம் வேறென்ன செய்யும்?

போன கிழமை ஆரணி அழுதுகொண்டு வந்தாள். அவளுடைய தோழி எமிலி, "உன்ர தீவு பிழை" என்று சொல்லிவிட்டாளாம். ஒருமுறை தொட்ட பாதியை மாற்ற ஏலாது. முழுத் தீவையும் அழித்தால்தான் கோடை வரும். பள்ளிக்கூட வாசலில் எமிலியின் அப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"ஜஸ்ட் ஸ்டார்ட் அகெய்ன், மேட். நோ வொரிஸ்!"

"ஷீ பிளான்ட் மெனி ட்ரீஸ்" என்றேன். பகிடி என்று நினைத்து முதுகில் தட்டிச் சிரித்தார்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. நல்ல மனுசன்தான். ஆனால் இந்தச் சொல்லை நான் எத்தனை பேரிடம் கேட்டுவிட்டேன்! ஊரில் எங்கள் வீட்டில் குண்டு விழுந்தபோதும் சொன்னார்கள், இங்கே வந்து வேலை தேடியபோதும் சொன்னார்கள்: முதலில் இருந்து தொடங்கு. நட்ட மரத்தை விட்டுவிட்டு வந்தவனைப் பார்த்துச் சொல்ல இவ்வளவு லேசான சொல்லா இது? பிள்ளைகளே, இதை யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்து ஆரணியிடம், "அழிக்காதை பிள்ளை" என்றேன்.

"அப்ப சில்வண்டு?"

ஆரணியே பதில் கண்டுபிடித்தாள். பனி உருட்டும் சாணி வண்டு இந்தக் காலத்தில் அவள் வகுப்பில் ஒருவரிடமும் இல்லை. சனிக்கிழமை எமிலி தன் கேமைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள், ஆரணியின் தீவுக்குப் போய் அதைப் பிடிக்க. பிறகு ஆரணி எமிலியின் தீவுக்குப் போனாள். திரும்பி வந்தபோது, கூட்டில் ஒரு சில்வண்டு.

"இட்ஸ் டூ கோல்ட் ஃபோர் ஹிம்" என்றாள் எமிலி.

"ஹி லிவ்ஸ் ஹியர் நவ்" என்றாள் என் மகள். கூட்டைத் தன் தீவு வீட்டின் வாசலில் வைத்தாள்.

கூட்டின்மேல் பனி விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே அது விடாமல் கத்திக்கொண்டிருந்தது.