சோறு ஆறுதே மாமா

என் அண்ணி அமிர்தம் அழுதால் சாவு வீடே உடைந்து அழும். குமராட்சிப் பக்கம் எங்கள் ஊரில் யார் போனாலும் முதல் ஆளாக ஓடுவார். காசுக்காக இல்லை, யாரும் கூப்பிட்டும் இல்லை. வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் பெண்ணை இவர் கட்டிக்கொண்டு ஒரு குரல் எடுத்தால் போதும், நெஞ்சில் அடைத்துக் கிடந்ததெல்லாம் கொட்டிவிடும். நான் சிதம்பரத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். ஊரில் சாவு என்று போன் வந்தால் நான் முதலில் கேட்பது, "அண்ணி வந்துட்டாங்களா?" என்றுதான்.

அப்படிப்பட்டவரை ஊரே பார்த்துச் சிரிக்கும்படி ஆக்கினார்கள். அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

கொள்ளிடக் கரையில் ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. வெள்ளத்தில் ஒருவன் செத்துப்போகும் கதை. சாவு வீட்டுக் காட்சியில் அழுவதற்கு ஊர்ப் பெண்களைக் கேட்டார்கள். அண்ணியின் குரலைக் கேட்ட டைரக்டர் அவரையே செத்தவனின் மனைவியாக உட்காரவைத்துவிட்டார். இரண்டு வரி வசனம் சொல்லிக்கொடுத்தார்கள். கேமரா ஓட ஆரம்பித்ததும் அண்ணிக்கு அது மறந்துபோனது. வாயில் வந்தது வீட்டுப் பேச்சு.

மதியம் தூக்குவாளியோடு வரப்பில் நின்று என் அண்ணன் கொளஞ்சியை அவர் கூப்பிடும் பேச்சு அது. "மாமா, சோறு ஆறுது!" முதல் தடவைக்கு அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். இரண்டாவது தடவை கூப்பிட்டால்தான் சேற்றை உதறிக்கொண்டு கரையேறுவார். கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான்.

அதைத்தான் அன்றைக்கு நெஞ்சில் அடித்துக்கொண்டு கதறினார். "சோறு ஆறுதே மாமா! சோறு ஆறுதே!" வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் நின்றிருந்த அண்ணன், "உசுரோட நிக்கிறேன், என்னைச் சாவடிச்சிட்டாளே!" என்று சிரித்தார். ஆனால் கண் கலங்கியிருந்தது.

படம் சிதம்பரத்தில் ஓடியபோது அந்த இடத்தில் தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. ஆனால் ஒரே வாரத்தில் படத்தைத் தூக்கிவிட்டார்கள். பிறகு அதே கதையைத் தெலுங்கில் எடுத்தார்களாம். செல்போனில் காட்டினேன். அண்ணியின் இடத்தில் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டிருந்தாள். "நல்லாத்தான் அழுவுது. அந்தப் பொண்ணுக்குத் தலைவலி வந்திருக்கும், பாவம்" என்றார் அண்ணி.

வினை கொரோனா சமயத்தில் வந்தது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த எவனோ அந்த அழுகையை மட்டும் வெட்டி எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டான். பிரியாணி வரத் தாமதமானால் அண்ணியின் முகம். கூட்டாளி பந்திக்கு வராவிட்டால் அண்ணியின் முகம். டிவியில் ஒரு ஆண்பிள்ளை புடவை கட்டிக்கொண்டு மாரடித்தான். கடைசியில் அதற்கு மேளத்தைச் சேர்த்துக் குத்துப்பாட்டே ஆக்கி, கோயில் திருவிழாக்களில் ஆடினார்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. முதலில் அண்ணிக்கு அது பிடித்திருந்தது. காட்டுமன்னார்கோயிலில் பிரியாணிக் கடை திறக்கக் கூப்பிட்டபோது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போய், மைக்கில் அந்த வரியைச் சொல்லச் சொன்னதும் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னார். அண்ணனுக்கோ தலைகால் புரியவில்லை. அந்தக் குத்துப்பாட்டையே ரிங்டோனாக வைத்துக்கொண்டார். மினிபஸ்ஸில் போன் அடித்தால் எடுக்க மாட்டார். "எம் பொண்டாட்டி குரலு" என்று பக்கத்து சீட்டுக்காரனிடம் சொல்லிவிட்டுத்தான் எடுப்பார்.

"எழவுப் பாட்டைப் போய் போன்ல வெச்சிருக்கியே, நல்லாவா இருக்கு?" என்று நான் சண்டை பிடித்தேன்.

"போடி, ஒனக்குப் பொறாமை" என்றார்.

பெரியப்பா பொன்னுரங்கம் இறந்தபோதுதான் எல்லாம் வெளுத்தது. அண்ணி எப்போதும்போல உள்ளே ஓடி, பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு, "மாமா..." என்று குரல் எடுத்தார். அந்த ஒரு சொல்தான். பந்தலில் எவனோ களுக்கென்று சிரித்தான். நான்கைந்து செல்போன்கள் மேலே எழும்பின. அண்ணியின் குரல் அங்கேயே அறுந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தச் சாவு வீட்டுக்கும் போகவில்லை.

"நான் போனா சிரிக்கிறாங்க மங்கம்மா. செத்தவங்களுக்கு அது மரியாதை இல்ல" என்றார். பிறகு, "நாளைக்கு ஒங்கண்ணனுக்கு ஒண்ணுன்னா நான் என்னான்னு சொல்லி அழுவேன்?" என்றார்.

"வாயைக் கழுவுங்க அண்ணி" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் அன்றிலிருந்து எனக்கும் அதே பயம்தான்.

போன மாசியில் அண்ணன் போய்விட்டார். களத்து மேட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணி தலைமாட்டில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. "அழுதுடு அமிர்தம், நெஞ்சு வெடிச்சிடும்" என்று பெண்கள் உலுக்கினார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஊருக்கெல்லாம் அழுதவருக்குத் தன் புருஷனுக்கு அழ வாய் வரவில்லையே என்று நான்தான் அலறினேன்.

அப்போது ஆணியில் தொங்கிய அண்ணனின் சட்டைக்குள் போன் அடித்தது. மேளமும் விசிலுமாக, அண்ணியின் குரலில், "சோறு ஆறுதே மாமா! சோறு ஆறுதே!"

உலுக்கிக்கொண்டிருந்த பெண்கள் அண்ணியின் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்கள். வெளியே பந்தலில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் தலைவிரிகோலமாக வாசலுக்கு ஓடினேன். "எவன்டா சிரிச்சது? உங்க வீட்டுல எழவே விழாதா?" என்று கத்தினேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எவன் என்று தெரிந்திருந்தால் செருப்பால் அடித்திருப்பேன்.

திரும்பி வந்து பார்த்தால், அண்ணி போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதை அவர் நிறுத்தவில்லை. தானாக அடங்கும்வரை அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

குளிப்பாட்டி முடித்து வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். மகன் பாலகுமார் போட்டான், நான் போட்டேன். கடைசியில் அண்ணி பச்சரிசியைக் கையில் அள்ளிக்கொண்டு குனிந்தார். கூட்டம் அவர் வாயையே பார்த்தது. அவர் அழவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவும் இல்லை. அரிசியை அண்ணன் உதட்டில் வைத்துவிட்டு, காதருகே போய், வரப்பிலிருந்து கூப்பிடுகிற அதே குரலைத் தாழ்த்தி, "மாமா, சோறு ஆறுது" என்றார். பக்கத்தில் நின்ற எனக்கு மட்டும்தான் கேட்டது.

அண்ணன் முகத்தைப் பார்த்தபடி கொஞ்சம் பொறுத்தார். பிறகு இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்.