பதினோரு மணி டீயும் மாலதியின் ஆராய்ச்சியும்

போன வருடம், குடிநோய் மருத்துவத்தில் ஆராய்ச்சிப் பயிற்சி பெற நானும் மாலதியும் விண்ணப்பித்தோம். இருந்தது ஒரே இடம். கல்லூரியில் என் நோட்டை வாங்கிப் படித்தவளுக்கு அது போய்விட்டது. சென்ற வியாழக்கிழமை, திருப்பூரில் அவள் செய்யும் களப்பணியைப் பார்க்கக் கிளம்பினேன். வாழ்த்தப் போனேன் என்றால் பொய். எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

தாராபுரத்தில் காலை 8.10 தனியார் பஸ். ஐம்பது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம், டிக்கெட் 45 ரூபாய். காது கிழியும் பாட்டு இலவசம். அங்கிருந்து பல்லடம் சாலையில் நான்கு கிலோமீட்டருக்கு ஆட்டோ 150.

"பனியன் கம்பெனிக்குங்களா? பதினோரு மணி டீ டைமுக்குப் போயிருங்க. டாக்டரம்மா அப்பத்தான் வருவாங்க" என்றார் ஓட்டுநர். ஆட்டோக்காரருக்குக்கூட அவளைத் தெரிகிறது! வயிறு எரிந்தது.

என் ஆய்வு கவிழ்ந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இதே ஊரில் வேலை பார்த்தபோது நாற்பது பேருக்குச் சிகிச்சை கொடுத்து, மூன்று மாதம் கழித்துக் காலை பத்திலிருந்து ஒன்றுக்குள் மருத்துவமனைக்கு வரச் சொன்னேன். எல்லோரும் "வர்றேனுங்க" என்றார்கள். வந்தவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் மறுபடி குடிப்பதாகக் கணக்கில் எழுதினேன்.

பதினோரு மணிக்குக் கம்பெனியில் மணி அடித்தது. வாசல் டீக்கடையில் கூட்டம் மொய்த்தது. மாலதி வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் நின்று, தன் நோயாளிகளை ஒவ்வொருவராகத் தனியே அழைத்து, குடியைப் பற்றி நான்கே கேள்விகள் கேட்டாள். டீ ஆறுவதற்குள் முடித்து அனுப்பினாள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. எனக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் ஆத்திரம்.

"அட, நம்ம சாருங்களா! நல்லா இருக்கீங்களா?" என் பழைய நோயாளி, டெய்லர் செல்வராஜ். "குடியை விட்டுப் பத்து மாசம் ஆச்சுங்க."

"அப்புறம் ஏன் வரலை?"

"பீஸ் ரேட்டுங்க சார், தைக்கிற துணிக்குத்தான் கூலி. அரை நாள் போனா மெஷின்ல வேற ஆள உக்கார வெச்சுருவாங்க."

"முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"டாக்டர்கிட்ட எப்படீங்க முடியாதுன்னு சொல்றது?"

என் ஆய்வறிக்கையில் அவர் இன்னும் குடித்துக்கொண்டிருக்கிறார்.

போக நினைப்பவர்கள் 10.45க்குள் சேர்ந்துவிடுங்கள், டீ டைம் பதினைந்து நிமிடம்தான். ஞாயிறு விடுமுறை. திரும்ப 12.20க்கு பஸ் உண்டு.

அடுத்த பயிற்சிக்கான விண்ணப்பத்தில், நோயாளிகளை டீ டைமில் சந்திப்பேன் என்று எழுதி முடித்துவிட்டேன். இந்த முறையை யாரிடமிருந்து கற்றீர்கள் என்று ஒரு கட்டம் கேட்கிறது. மூன்று நாளாகிறது, அவள் பெயரை எழுத இன்னும் கை வரவில்லை.