முட்டி போனவன் நிற்பானா?

குடிக்கிற கணவனைப் பற்றி ஒரு பெண் அக்கம்பக்கத்தில் சொல்லி அழலாம். சீட்டாடுகிறவனைப் பற்றியும் சொல்லலாம். கேட்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். எங்கோ கண்காணாத ஊரில், இரும்புக் கூண்டுக்குள், எட்டுத் தடியர்கள் மோதிக்கொள்ளப் போவதற்காக ஒரு வருஷமாகக் காத்திருக்கும் கணவனைப் பற்றி யாரிடம் போய் அழுவது?

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாளுக்கு இதுதான் குறை. பகலெல்லாம் கன்னம் வீங்கியவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால், அங்கே இவர். குத்துகிறவர்கள், உதைக்கிறவர்கள், கழுத்தை நெரிக்கிறவர்கள் எல்லாம் கலந்து மோதும் சண்டை. அதிலும் ஹெவிவெயிட் மட்டும்தான் பார்ப்பார். எடை குறைந்தவர்கள் சண்டை போட்டால், "இதெல்லாம் கொசு சண்டை" என்று திரும்பிப் படுத்துக்கொள்வார். சொல்கிறவரோ பெல்ட்டில் கூடுதலாக ஓட்டை போட்டுக்கொள்கிற உடம்பு. லிஃப்ட் மெக்கானிக். இரண்டு தளங்களுக்கு நடுவே பூனை நுழையும் சந்தில் புகுந்து வருவார். அதனாலேயே கம்பெனியில் அவருக்கு 'ஹெவி' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

போட்டி அறிவித்த நாளிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. எட்டுப் பேர், நான்கு ஜோடி, தோற்றவன் வெளியே, ஜெயித்தவன் அடுத்த சுற்றுக்கு. கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒருவனுக்கு விலா எலும்பு விரிசல் விட்டது. இன்னொருவனுக்கு விசா கிடைக்கவில்லை. தேதி தள்ளிப்போனது. தள்ளிப்போன தேதி மறுபடி தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் ஜோடிகளைக் கலைத்து மறுபடி சேர்த்தார்கள். அத்தனையும் பல் தேய்க்கும்போதே அவள் காதில் வந்து விழும்.

"கேட்டியா, மொட்டைக்கும் தாடிக்கும் ஜோடி போட்டிருக்காங்க."

"சந்தோஷம். கேஸ் தீர்ந்து போச்சு, புக் பண்ணீங்களா?"

"தாடி இடது கைக்காரன். மொட்டைக்கு இடது கைக்காரன்னா ஆகாது."

"எனக்கும் ஒருத்தரைக் கண்டா ஆகாது. என்ன பண்றது, ஜோடி போட்டுட்டாங்களே."

அவருக்கு இந்தக் குத்தெல்லாம் உறைக்காது. மூடிய கதவுக்கு வெளியே நின்றுகூடத் தாடியின் இடது கையை விளக்கிக்கொண்டிருப்பார். குரலும் சாதாரணக் குரல் இல்லை. கிணறு மாதிரி ஆழமான லிஃப்ட் குழியில் நின்று, உச்சியில் மோட்டார் அறையில் இருக்கும் கூட்டாளிக்குக் கேட்கும்படி கத்தியே பழகிய தொண்டை. அந்தக் கூட்டாளிக்கு 'மேல்மாடி' என்று பெயர். அவரும் இதே பைத்தியம். இரண்டு பேரும் வேலை செய்யும் கட்டடங்களில், படியேறிப் போகிறவர்களுக்குக்கூடத் தாடியையும் மொட்டையையும் தெரிந்திருக்கும்.

இவர்களுக்கு ஒரே மகள். மருந்துக் கடையில் வேலை. முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்க வந்து வந்து, வலி போன பிறகும் வருவதை நிறுத்தாத ஒரு பையன்மேல் அவளுக்கு மனசு போயிருந்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லித் தருகிறவன். முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வான். அதைத் தவிர ஒரு குறை சொல்ல முடியாது. அவனைத் தனி ஆளாக வளர்த்த அம்மா, ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். ஒருமுறை வீட்டுக்கு வந்து பெண்ணைப் பார்த்துவிட்டுப் போனார். அதிகம் பேசாத, எதையும் இரண்டு தடவை யோசிக்கிற பெண்மணி. "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பதிலுக்காக மகள் வாசல் மணி அடித்தால்கூடத் திடுக்கிட்டுக்கொண்டிருந்தாள்.

பதில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை வந்தது.

மகள் தோள் பையைக்கூடக் கழற்றாமல் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள். அம்மா கொண்டுவந்து வைத்த டீயில் ஆடை படர்ந்தது. அவள் தொடவில்லை.

"அப்பா, நீங்க இன்னைக்கு எந்த பில்டிங்ல வேலை பார்த்தீங்க?"

அவருக்கு ஒரே பெருமை. மகள் அவர் வேலையைப் பற்றிக் கேட்பது அபூர்வம். "ஆபீஸ் பில்டிங் ஒண்ணு. லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. உள்ளே ஒரு அம்மா மாட்டிக்கிட்டாங்க. நான் லிஃப்ட் கூரை மேல, மேல்மாடி மோட்டார் ரூம்ல. மோட்டாரைக் கையாலயே சுத்தி, பூ மாதிரி இறக்கி விட்டோம். ஒரு தேங்க்ஸ் சொல்லணுமே, ம்ஹூம். முகத்தைக்கூடக் காட்டாம விறுவிறுன்னு போயிட்டாங்க."

"இறக்குற வரைக்கும் என்ன பேசிட்டிருந்தீங்க?"

"என்னத்தைப் பேசுறது, போட்டியைப் பத்திதான். முட்டி ஆபரேஷன் ஆனவனை அந்த மலைத் தடியன் கூட ஜோடி..." என்று ஆரம்பித்தவர், மகளின் கண்களைப் பார்த்து நிறுத்தினார்.

"உள்ளே மாட்டிக்கிட்டிருந்தது அவரோட அம்மாப்பா."

இருட்டுப் பெட்டிக்குள் ஒரு தாய் தனியாக நின்றிருக்கிறார். தலைக்கு மேலே, தன் வீட்டுக்குச் சம்பந்தியாக வரப்போகிற மனிதரின் குரல். முகம் தெரியாவிட்டாலும் அந்தக் குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்க முடியாது. அது சொல்கிறது: "இந்த ஜோடி சேர்த்ததே தப்புப்பா. முட்டி ஆபரேஷன் ஆனவன், அவனை நம்பி எப்படி இறங்குறது?" உச்சியிலிருந்து இன்னொரு குரல் கேட்கிறது: "அப்ப மாத்திட வேண்டியதுதானே?" மறுபடியும் அதே குரல்: "அதான் சொல்றேன். இப்பவே மாத்திட்டா மரியாதை. வேற ஆளா இல்ல? கைகால் நல்லா இருக்கிறவனாப் பார்த்துப் போட்டா முடிஞ்சு போச்சு. இவன் எத்தனை நாள் நிப்பான்?"

கதவு திறந்ததும் அந்தத் தாய் வெளியே வந்தார். ஐந்தாவது மாடியில் இருந்த தன் அலுவலகத்துக்குப் படியேறியே போனார். மாலையில் மகனிடம் நடந்ததைச் சொல்லிவிட்டு, முடிவாகச் சொன்னது இவ்வளவுதான்: "அந்த வீடு நமக்கு வேண்டாம்."

"போன் போடு, நான் பேசிக்கிறேன்" என்றார் ஹெவி. மனைவி தடுப்பதற்குள் போட்டும்விட்டார்.

"அம்மா, வணக்கம். நான் சொன்னது வேற முட்டிங்க. உங்க பையன் முட்டி இல்ல. இது பெரிய முட்டி..."

இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. மகள் எழுந்து அறைக்குள் போனாள். கதவு அறைந்து சாத்தப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மெதுவாகச் சாத்தினாள்.

"நான் என்ன பொய்யா சொன்னேன்?" என்று அவர் மனைவியைப் பார்த்தார்.

"வாயை மூடுங்க. நாளைக்கு நேர்ல போறோம். அங்கே நான் பேசுவேன். நீங்க உட்கார்ந்திருப்பீங்க. அவ்வளவுதான் உங்க வேலை."

மறுநாள் மதியம் போனார்கள். சிறிய வீடு. துடைத்து வைத்தது போன்ற கூடம். ஜன்னலோரம் ஒரு உடற்பயிற்சி சைக்கிள், அதன்மேல் காயப்போட்ட துண்டு. பையன் வகுப்புக்குப் போயிருந்தான். கதவைத் திறந்த அந்த அம்மாள் ஒரு வினாடி தயங்கிவிட்டு, "வாங்க மேடம்" என்றார். பக்கத்தில் நின்றவரை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. ஹெவி நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டார்.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம்" என்று பையனின் அம்மாவே ஆரம்பித்தார். "மனசுல இருந்தது வாயில வந்துச்சு. ஆனா சண்டைக்காரங்களைப் பத்திப் பேசினோம்னு உங்க பொண்ணு மூலமா ஒரு கதை சொல்லி அனுப்பியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பொறுக்கல. கொஞ்சம் நல்ல பொய்யாச் சொல்லியிருக்கலாம்."

பல் மருத்துவமனை அம்மாள் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த மரியாதையான வார்த்தைகள் எங்கே போயினவோ தெரியவில்லை. ஒரு வருஷத்து எரிச்சல் அப்படியே பொங்கி வந்தது.

"பொய்யா? பொய்யா இருந்தா நான் கோவிலுக்குப் போய் விளக்கு ஏத்துவேன் மேடம். எட்டுப் பேர். மொட்டை, தாடி, மலை, முன்பல் போனவன், கழுத்தே இல்லாதவன், முதுகு பூரா பச்சை குத்தினவன், முட்டி. எட்டாவது ஆள் மாறிக்கிட்டே இருப்பான், அவனுக்கு நான் பேரே வைக்கல. மொட்டைக்கு இடது கைக்காரன்னா ஆகாது. முன்பல் போனவனுக்கு விசா வரல. அதுக்கு எங்க வீட்ல ரெண்டு நாள் துக்கம். கழுத்து இல்லாதவனுக்கு விலா எலும்பு போச்சு. எனக்கும்தான் போன மாசம் இடுப்பு பிடிச்சுச்சு, இந்த மனுஷன் தைலம் எடுத்துட்டு வந்து, தேய்க்காம, விலா எலும்பு கூட எத்தனை நாள்ல ஆறும்னு சொல்லிட்டிருந்தார். அந்த முட்டிக்காரன் இருக்கானே, அவன் வலது முட்டி. பயிற்சியில சறுக்கி விழுந்து ஆபரேஷன் பண்ணி, ஊன்றுகோல் வச்சு நடந்து, நீச்சல் குளத்துல நடந்து, எல்லா வீடியோவும் நான் சாப்பிடும்போது எதிர்ல ஓடும். பெத்த பொண்ணுக்கு அம்மை போட்டப்பகூட நான் இவ்வளவு விவரமா ஞாபகம் வச்சுக்கல. இதையெல்லாம் ஒரு பொம்பளை இட்டுக்கட்டிச் சொல்ல முடியுமா? வாழ்ந்து அனுபவிச்சாத்தான் சொல்ல முடியும்."

மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவமானமா, கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த அம்மாள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். சிரிக்கிறார்.

"தைலம் தேய்க்கவே இல்லையா?" என்று கேட்டார்.

"கடைசி வரைக்கும் தேய்க்கல."

சிரிப்பு வந்த வேகத்திலேயே அடங்கியது. அவர் ஹெவியின் பக்கம் திரும்பினார். அன்றைக்கு முதல் தடவையாக.

"அந்தப் பையன், அதான் முட்டிக்காரன், நிப்பானா?"

மனைவி கணவனின் காலை மிதித்தாள். நிற்பான் என்று சொல்லுங்கள், ஜெயிப்பான் என்று சொல்லுங்கள், ஒரு வார்த்தையில் மகள் வாழ்க்கை இருக்கிறது என்று அந்த மிதியில் எல்லாம் இருந்தது. ஆனால் எந்தப் பொய்யையும் சொல்லக்கூடிய அந்த மனிதருக்கு, சண்டையைப் பற்றி மட்டும் பொய் வராது.

"முதல் ரவுண்டு நிப்பான்" என்றார். "ரெண்டாவதுலயும் நிக்கலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியலங்க. எதிராளி அந்தக் காலையே குறி வச்சு உதைப்பான். தாங்குமான்னு அன்னைக்குத்தான் தெரியும். நானும் அதை நினைச்சுத்தான் நேத்து அப்படிக் கத்திட்டேன். அவனை எனக்குப் பிடிக்கும். அடி வாங்கிடுவானோன்னு பயம். அதனாலதான் ஜோடியை மாத்தணும்னேன்."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். தீர்ந்தது. இனி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

அந்த அம்மாள் ஜன்னலோரத்துச் சைக்கிளைப் பார்த்தார்.

"வீடு மாத்தும்போது பீரோவை நாமளே இறக்கிடலாம்னு சொன்னது நான்தான்" என்றார். "ஆள் எதுக்குன்னேன். படியில அவன்மேலயே சாஞ்சிடுச்சு. அன்னையில இருந்து பார்க்கிறவங்க எல்லாரும் சரியாயிடும், சரியாயிடும்னு சொல்றாங்க. அவனும் அதையேதான் சொல்றான். ராத்திரி கால் வலிக்கும்போதும் சிரிச்சுக்கிட்டே சொல்றான். தெரியலன்னு ஒருத்தர்கூடச் சொன்னதில்ல. தெரியலன்னு சொல்லி, பயமா இருக்குன்னும் சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

ஹெவியும் அந்தச் சைக்கிளையே பார்த்தார்.

"அந்த நீச்சல் குளத்துல நடக்கிறான்னு சொன்னாங்களே, அது என்ன?" என்று கேட்டார் பையனின் அம்மா.

அவ்வளவுதான். நாற்காலி நுனியில் இருந்தவர் நடுவுக்கு வந்தார். தண்ணீரில் உடம்பின் எடை தெரியாது, முட்டிக்கு வலி இருக்காது, ஆனால் தொடை வேலை செய்யும் என்று ஆரம்பித்தார். குரல் ஏறியது. எழுந்து நின்று நடந்தே காட்டினார். முழங்கால் வரை பேண்டைச் சுருட்டவும் போனார். மனைவி, "போதும், வாங்க போகலாம்" என்று எழுந்தாள். அந்த அம்மாள் கையமர்த்தினார்.

"இருங்க, சொல்லட்டும். குளத்துல எவ்வளவு தண்ணி இருக்கணும்? இடுப்பு அளவா?"

"இடுப்பு போதாதுங்க, நெஞ்சு வரைக்கும் வேணும். வீடியோவே இருக்கு, இருங்க." அவர் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பக்கத்து நாற்காலிக்கே போய்விட்டார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒரு வீட்டில் ஒருத்தர் போதாதா, கடவுளே, என்று இவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நிற்கவும் முடியாமல் உட்காரவும் பிடிக்காமல், "நான் டீயாவது போடுறேன்" என்று சமையலறைப் பக்கம் போனாள். முன்பின் தெரியாத அடுப்பு. பால் இருந்தது, தூள் இருந்தது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, சர்க்கரைக்காக ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

கூடத்தில் மலையைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்திருந்தது. அதன் நடுவே, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, அந்த அம்மாள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சர்க்கரை மேல் தட்டுல இருக்கு, சம்பந்தியம்மா."

அவள் கை டப்பாவின் மேலேயே நின்றது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அணைக்கத் தோன்றவில்லை.