மாடு வராது என்று சொன்னேன்

இங்கிலாந்தில் ஒரு சின்னக் கிராமம். பெயரைச் சொல்லமாட்டேன், வேலையில் சேரும்போது வாயைத் திறக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கே நான் போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட்டே கிடையாது. ஆனால் அந்த ஊரில் எந்த வீட்டுச் சுவர் எந்தக் கல்லால் கட்டியது, குளத்தங்கரையில் எத்தனை மரம், எந்த வேலி எங்கே முடிகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு ஊர்களுக்கு வரைபடம் போட்டுக் கொடுக்கிற வேலை. வாரத்தில் மூன்று நாள் திருவேற்காட்டில் என் ஃபிளாட்டிலிருந்தே செய்யலாம். போன வருஷம் என்னிடம் வந்தது, அந்தக் கிராமத்தின் தன்மையையும் சுற்றுப்புறத்தையும் பற்றிய ஓர் அறிக்கை. ஊர்க்காரர்களே கூடி உட்கார்ந்து எழுதி, படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அதில் உள்ளதையெல்லாம் வரைபடத்தில் ஏற்றி, ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி எழுதுவது என் பொறுப்பு. நாலு மாதம் அந்த ஊரிலேயே குடியிருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

மொத்தமே அறுபது எழுபது வீடு. சதுரக் கோபுரம் வைத்த ஒரு சர்ச். எதிரே ஒரு மதுக்கடை. அதையும் கோயில் மாதிரிதான் எழுதியிருந்தார்கள். யாரும் பேசாத பழைய டெலிபோன் பெட்டிக்குள் புத்தகங்களை அடுக்கி, எடுத்துப் படித்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள். எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய சந்துகள். அந்தச் சந்தை அகலப்படுத்தக் கூடாது என்று ஒரு பக்கம் முழுக்க வாதம்! இந்த இடத்தில் நின்றால் குளமும் சர்ச்சும் சேர்ந்து தெரியும், ஆகவே நடுவில் எதுவும் கட்டாதே என்று அம்புக்குறி போட்டிருந்தார்கள். வேலை வெட்டி இல்லாத ஜனங்கள் என்று முதலில் சிரித்தேன். அப்புறம் பொறாமைப்பட்டேன். ஒரு பத்தியில், காலையில் மாடுகள் கத்துவதும், பண்ணைப் பக்கம் சாணி வாடை வீசுவதும் இந்த ஊரின் தன்மையில் சேர்ந்தவை, புதிதாகக் குடிவருகிறவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது. எவ்வளவு பெரிய மனசு என்று எனக்குக் கண் கலங்கியே விட்டது.

அதே காலையில் கீழே இறங்கிப் போனபோது, என் ஸ்கூட்டர் பக்கத்தில் கிடந்த சாணியைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு காவலாளியிடம் கத்தினேன். இதையும் சொல்லிவிட வேண்டும்.

அந்தச் சாணி யாருடைய மாட்டினுடையது என்று எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்னால் பழைய ஊர். அங்கே ஒரு அம்மாவிடம் இரண்டு மாடு, ஒரு செவலை, ஒரு கருப்பு. எங்கள் இரண்டு பிளாக்குக்கும் நடுவே ஒரு பாதை ஓடுகிறது. ஃபிளாட் வருவதற்கு முன்னாலிருந்தே இருக்கிற வழி. ஊர்க்காரர்கள் அதில்தான் பஸ்ஸுக்குப் போவார்கள். அந்த அம்மா அதில்தான் ஏரிக்கரைக்கு மாடு ஓட்டிக்கொண்டு போவாள். மாட்டை அங்கே விட்டுவிட்டு வந்து, காலை ஆறு மணிக்கு எங்களில் பத்து வீட்டுக்குப் பால் ஊற்றுவாள். எனக்கு அரை லிட்டர். அளந்த பிறகு கொசுறாக இன்னும் கொஞ்சம் சாய்ப்பாள்.

அந்தப் பாதையில் பைக்குகள் பறக்க ஆரம்பித்தன. மெயின் ரோட்டு நெரிசலுக்குப் பயந்து வருகிற குறுக்குவழிக்காரர்கள். ஒரு நாள் மூன்றாவது மாடிக் குழந்தை மயிரிழையில் தப்பியது. சங்கக் கூட்டம் போட்டார்கள். சுவர் எழுப்பிப் பாதையையே மூடிவிடலாம் என்றார் செயலாளர். பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், எதையும் மூடுவதில் ஆர்வம் உள்ளவர். எல்லாரும் தலையாட்டினார்கள்.

நான் எழுந்தேன். "வழியை மூடறது பாவம் சார். ஆள் மட்டும் போற மாதிரி ஒரு கேட் இருக்கு. நான் வரைஞ்சு தரேன்" என்றேன்.

அந்த இங்கிலாந்துக் கிராமத்துக் கேட்தான். அரைவட்டமாக ஒரு கம்பித் தடுப்பு, அதற்குள் இப்படியும் அப்படியும் ஆடுகிற ஒரு சின்னக் கதவு. ஆள் உள்ளே நுழைந்து, ஓரமாக ஒதுங்கி, கதவைத் தனக்குப் பின்னால் தள்ளிவிட்டு அந்தப் பக்கம் போகலாம். கதவு தடுப்பைத் தொட்டுத் தொட்டு மீள்வதால் அங்கே அதற்கு முத்தக் கதவு என்று பெயர். கூட்டத்தில் பெயரைச் சொல்ல எனக்கு வெட்கம், விட்டுவிட்டேன். பைக் நுழையாது, மனிதர் போகலாம். பாம்பும் சாகணும், கம்பும் முறியக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? "மேடம் திருவேற்காட்டுல தூங்கி இங்கிலாந்துல முழிக்கிறவங்க" என்று செயலாளர் கிண்டல் செய்தார். கைதட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பூந்தமல்லியில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு நானே படத்தை எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூப்பரா கீது மேடம். ஆளு போவும், வண்டி போவாது. மாடு கீடு வருமா அந்தாண்ட?"

"வராது" என்றேன்.

யோசிக்காமல் சொன்னேன் என்று சொன்னால் பொய். ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். வரும் என்றால் அவர் அகலமாக வைக்கச் சொல்வார், அகலமாக வைத்தால் பைக் நுழையும், பைக் நுழைந்தால் செயலாளரின் சுவர் வந்துவிடும். இப்படி ஒரு நியாயத்தை வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அதற்கு அடியில் வேறொன்று இருந்தது. இனிமேல் ஸ்கூட்டர் பக்கத்தில் சாணி இருக்காது. அந்தச் சந்தோஷத்தை நான் எவரிடமும் காட்டவில்லை.

கேட் வந்த மறுநாள் காலை பால்கனியில் நின்றேன். என் கைவேலையை ரசிக்கத்தான். அந்த அம்மா மாடுகளோடு வந்தாள். செவலை முதலில் தலையை நுழைத்தது. கொம்பு கம்பியில் இடித்தது. பின்வாங்கி அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் கதவை ஆட்டிப் பார்த்தாள், தடுப்பைக் கையால் அளந்து பார்த்தாள்.

"இது நமக்கு ஆவாதுடி. நாம சுத்திகினு போலாம் வா" என்றாள் மாட்டிடம்.

மேலே பார்த்திருந்தால் என்னைப் பார்த்திருப்பாள். நான் உள்ளே போய்விட்டேன்.

சுற்றிப் போவது என்றால் மெயின் ரோடு. வானகரம் பக்கம் போகிற லாரி எல்லாம் ஓடுகிற ரோடு. தினமும் அதில் இரண்டு மாட்டையும் ஓட்டிக்கொண்டு போனாள். பால் வரத் தாமதமாயிற்று, ஏழு மணி, சில நாள் ஏழரை. ஒருத்தரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குக் கேட்கத் தேவையில்லை.

மழைக்காலம் தொடங்கி இரண்டு வாரம் இருக்கும். பின்னால் எடுத்த ஒரு தண்ணி லாரி செவலையை இடித்துவிட்டது. இடுப்பு போயிற்று. மாட்டு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இது எழுந்திருக்காது என்று சொல்லிவிட்டாராம். மூன்றாம் நாள் செத்துப்போயிற்று. காவலாளி என்னிடம் சொன்னபோது நான் அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கிளம்பிப் போகவும் செய்தேன்.

அன்று வேலையில் அந்தக் கேட்டின் படத்தை மறுபடி திறந்தேன். முழுப்படம். நான் பட்டறைக்குக் கொடுத்தது அதில் ஓரமாக இருந்த சின்னக் கேட்டை மட்டும்தான். அதை ஒட்டியே குறுக்காக ஐந்து கட்டை அடித்த அகலமான இன்னொரு கேட் நிற்கிறது. பண்ணைக்காரர் காலையும் மாலையும் அதைத் திறந்து மாடு ஓட்டிப் போய்விட்டு, மறுபடி தாழிடுவார். அந்த ஊர்க்காரர்கள் மனிதருக்கு ஒரு வழி வைத்தால் மாட்டுக்கும் பக்கத்திலேயே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே 'நடப்பவருக்கும் கால்நடைக்கும்' என்று இருந்தது. அந்த வரியை எழுதியவளே நான்தான்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என்னுடையது குறுகுறுத்ததோடு சரி. அடுத்த கூட்டத்தில், பக்கத்தில் பெரிய கேட் ஒன்றும் போட்டுப் பூட்டு வைத்து, சாவியை அந்த அம்மாவிடம் கொடுத்துவிடலாம் என்று மெல்ல ஆரம்பித்தேன். "மேடம், உங்க கேட்டு வந்த அப்புறம்தான் இடமே சுத்தமா இருக்கு, நீங்களே கெடுக்காதீங்க" என்றார் செயலாளர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்துவிட்டு உட்கார்ந்தேன்.

ஒரு மாட்டுப் பால் பத்து வீட்டுக்குப் போதாது. அந்த அம்மா ஒவ்வொரு வீடாக நிறுத்தினாள். என் வீட்டுக்கு மட்டும் வந்துகொண்டே இருந்தாள். எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு நாள் கதவைத் திறந்ததும், "நாங்க பாக்கெட் வாங்கிக்கறோம்க்கா, நீங்க கஷ்டப்படாதீங்க" என்றேன்.

"இன்னாமா நீ" என்றாள். "மொத்தமா செவுரு வெச்சி மூட இருந்தாங்களாமே. நீதான் எயுந்து பேசி வழி உட்டியாம், வாச்மேன் சொன்னாரு. உன்னாலதான் எம்பொண்ணு அந்த வழியா பஸ்ஸுக்குப் போறா. உனக்குப் பாலு இல்லேன்னு சொல்லுவனா?"

சொல்லிவிட வேண்டிய நேரம் அதுதான். அவள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதைத்தான் இப்போது உங்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே கேட்டாள்.

"ஆனா அந்த கேட்ட எந்தப் பாவி வரைஞ்சு குடுத்தான்னு தெரிலமா. மாட்டப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல? உனக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு அரை லிட்டர் அளந்தாள். பிறகு வழக்கம்போல, கொசுறும் சாய்த்தாள்.