தராசு ஆடாத நேரம்

எங்கள் ஆய்வக ரோபோ உறிஞ்சி ஊற்றும் தண்ணீரின் அளவு சரியா என்று, ஒவ்வொரு சொட்டாக நுண்தராசில் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்று பட்டாலே எண் ஆடும். அதனால் ஏசியை அணைத்து, பக்கத்து மர்பி டவுன் குடியிருப்பிலிருந்து வரும் துப்புரவு அக்காவையும் வெளியே விரட்டியிருந்தேன்.

அவசரத்தில் அவர் விட்டுப்போன போன், தராசு மேசையிலேயே அதிர்ந்தது. எண்கள் தாறுமாறாக ஓடின. போன் வைக்கிற இடமா இது! எரிச்சலில் அதை அணைத்தேன். பிறகு வந்த அளவுகள் அத்தனையும் அச்சாக ஒத்துப்போயின.

கதவைத் திறந்ததும் ஓடிவந்தார்.

"பொண்ணைக் காய்ச்சலோட ஸ்கூலுக்கு அனுப்பிட்டேன்மா. முடியலைன்னா கூப்பிடுறேன்னாங்க மிஸ்சு. போன் அடிச்சுதா?"

இருண்டு கிடந்த போனை அவரே எடுத்துப் பார்த்தார்.

"பேட்டரி போயிருக்கும். தரித்திரம் புடிச்ச போன்."

"ஆமாங்க்கா" என்றேன்.